முப்பத்தெட்டு அங்குலம்

கொப்பியில் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்திருந்தேன்:
வாடகை, வளாகத்துக்குத் தூரம்,
முன்பள்ளி விடும் நேரம்.
நான்காவதுக்குத் தலைப்பு எழுதவில்லை.

கல்லடி வீட்டுக்குக் கடல்காற்று இலவசம்.
வந்தாறுமூலைக்கு இரண்டு பஸ்.
"அவர் எங்க?" என்றார் வீட்டுக்காரர்,
திறப்பைக் கைக்குள் வைத்தபடி.
கட்டாரில் என்றேன்.
திறப்பு சட்டைப்பைக்குள் போய்விட்டது.

தன்னாமுனையில் கிணறு நல்லது.
முன்கதவைத் திறந்தால் மெயின் ரோட்டு.
கவிஷ்னா ஐந்து நிமிடத்தில் ஏழு லொறி எண்ணினாள்.
நான் கேட்டைப் பார்த்தேன்.
கொக்கி இல்லை.

ஏறாவூரில் தாஹிறா டீச்சரின் மேல்வீடு.
பிள்ளைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்,
எனக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ,
கேட்காமலே வாடகையில் ஆயிரம் குறைப்பு.
படிக்கட்டுக்கு மட்டும் கைப்பிடி இல்லை.
வேண்டாம் என்ற ஒரு சொல்லைச் சொல்ல
மூன்று வாழைப்பழ நேரம் பிடித்தது.

போன வீடெல்லாம் புதுப் பெயின்ட் மணம்.
இடுப்பு வரை ஒரு நிறம்,
அதற்கு மேல் பழைய நிறம்.
எதற்கென்று எனக்குத் தெரியும்.
முகத்துவாரத்தை வெட்டிவிட்டால்
எத்தனை மணித்தியாலத்தில் வாவி வடியும் என்பதுதான்
இனி இரண்டு வருடம் நான் படிக்கப்போவது.
நானும் கேட்கவில்லை,
அவர்களும் சொல்லவில்லை.

செங்கலடிச் சந்தியில் பலகை காட்டினேன்:
"இந்த ரோட்டால நேரே போனா பதுளை.
அப்புறம் பசறை பஸ்."
"அப்ப போவோமா?" என்றாள்.
செருப்பு கடித்திருந்தது அவளை.

கொம்மாதுறையில், குறுக்கு ஒழுங்கையில்,
தவமலர் அக்காவின் வளவு.
முன்னறையில் தையல் மிசின், பின்னறை எங்களுக்கு.
விலை பேசுமுன்னே நிலைப்பக்கம் கூப்பிட்டார்:
"இஞ்ச பாருங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க."
மரநிலையில் பென்சில் கோடுகள்,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வருடம்.

கவிஷ்னா விரலால் தொட்டுத் தொட்டு வந்தாள்.
"யாரும்மா இந்தப் புள்ள?
ஒரு வருசம் ஒசந்திருக்கு,
அடுத்த வருசம் குட்டையாப் போச்சு!"

"அது பிள்ளையில்ல மகள். தண்ணி."

கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்து
ஆக உயரத்துக் கோட்டைப் பிடித்தார். முப்பத்தெட்டு.
பிறகு யாரும் கேட்காமலே
கவிஷ்னாவையும் அளந்தார்.
அவள் குதிக்காலை உயர்த்த,
தோளில் மெல்ல அழுத்தி, "கள்ளம் கூடாது" என்றார்.
நாற்பது.

நாற்பதில் முப்பத்தெட்டுப் போனால்
நெற்றி.

"சொல்லாம வராது அது.
மேற்குப் பக்கம் ரெண்டு நாள் இருட்டி நிண்டா
முதல்ல மிசினை மேசையில ஏத்துவன்,
மறுகா அரிசி, மறுகா சாமிப்படம்.
உங்களுக்கெண்டா முதல்ல பிள்ளை.
பின்வளவு மச்சாள்ட மாடி இருக்கு."

என் மடிக்கணினியில் இந்த ஒழுங்கை கடும் நீலம்.
மேற்பார்வையாளர் காதில் விழுந்தால்
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
ஆனால் தன்னாமுனையும் நீலம்தான், ஓரளவு.
பெயின்ட் அடித்த நீலம்.

முற்பணம் இரண்டு மாதம் எண்ணிக் கொடுத்தேன்.
தையல் பில் புத்தகத்திலேயே ரசீது எழுதினார்,
'சட்டை' என்று அச்சடித்திருந்ததை வெட்டி,
'அறை' என்று.
விநியோகத் திகதி என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று என்னைப் பார்த்தார்.
படிப்பு முடியிற நேரம், என்றேன்.
காலியாகவே விட்டார்.

துணிக்கட்டியால் நிலையில் புதிதாய் ஒரு கோடு,
தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே.
"பேர் எழுதுங்க" என்று நின்றாள் இவள்.
எழுதியதும், கீழ்க் கோடுகளைக் காட்டி,
"அதுக்கு ஏன் பேரில்ல?"

நான் கிளினிக் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
போன வருடம் முழுக்க இரண்டரை அங்குலம்.
இது ஆவணி.
மழைக்கு இன்னும் மூன்று மாதம்.